முக்கியமானது மட்டும் வந்து சேராமல் இருக்க: அல் ஐன்வாசிகளுக்குப் பத்துப் படிகள்

போன் நாள் முழுக்க அடிக்க வேண்டும். அடிக்க வேண்டிய நேரத்தில் மட்டும் அடிக்கக் கூடாது. இதுதான் நம் லட்சியம். பயப்படாதீர்கள், அல் ஐனில் இருக்கும் நம்மவர்களில் பெரும்பாலோர் இதில் ஏற்கெனவே பாதிக் கிணறு தாண்டியவர்கள்தான். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கையேடு.

இந்தக் கலைக்கு இப்போது மவுசு கூடியிருக்கிறது. முன்பெல்லாம் கார்டில் ஏதாவது வாங்கினால் ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ்.ஸாக வரும். பட்டன் போனில்கூட வந்து விழும். அதைத் தவறவிடத் தனித் திறமை வேண்டியிருந்தது. அமீரக மத்திய வங்கியின் புண்ணியத்தில் 2025 ஜூலை 25 முதல் இங்குள்ள வங்கிகள் எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல் ஓ.டி.பி.களைப் படிப்படியாக நிறுத்தத் தொடங்கின. 2026 மார்ச்சுக்குள் முடிக்க வேண்டும் என்று கெடு. அதற்குப் பதில் வங்கியின் ஆப் ஒரு நோட்டிஃபிகேஷன் அனுப்பும். அதைத் தொட்டுத் திறந்து நீங்கள் சம்மதம் சொல்ல வேண்டும். அதாவது, ஒரு நோட்டிஃபிகேஷனைத் தவறவிட்டால் திருச்சி டிக்கெட்டையே தவறவிடலாம். இத்தனை கம்மி உழைப்பில் இத்தனை பெரிய பலன் வேறெதில் கிடைக்கும்? ஆரம்பிப்போம்.

படி 1: பிரியாணிக்கு அனுமதி, பேங்குக்குத் தடை

புதிய ஆப் இறக்கியதும் "நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா?" என்று போன் கேட்கும். சாப்பாட்டு ஆப், ஷாப்பிங் ஆப், மிட்டாய் உடைக்கும் விளையாட்டு எல்லாவற்றுக்கும் தாராளமாக "ஆம்" சொல்லுங்கள். வங்கி ஆப் கேட்கும்போது மட்டும் சந்தேகப்படுங்கள். "எதுக்குடா வம்பு" என்று "வேண்டாம்" அழுத்துங்கள்.

இந்த அழுத்தலின் அருமையைப் புரிந்துகொள்ளுங்கள். ஐபோன் இந்தக் கேள்வியை ஓர் ஆப்புக்கு ஒரே ஒருமுறைதான் கேட்கும். ஆண்ட்ராய்டில் 2022-இல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்துதான் கேட்கும் வழக்கமே வந்தது. இரண்டு முறை மறுத்தால் அதுவும் வாயை மூடிக்கொள்ளும். பிறகு அமைப்புகளுக்குள் நுழைந்து, ஆப்பைத் தேடி, நீங்களாகத்தான் திறக்க வேண்டும். நீங்கள் அதைச் செய்யப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

படி 2: வாய்க்கால் ஒன்றுதான், அதை அடையுங்கள்

எதிரியைத் தெரிந்துகொள்ளாமல் ஜெயிக்க முடியாது. எனவே, நோட்டிஃபிகேஷன் எப்படி வருகிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

வங்கியின் கணினி உங்கள் போனுக்கு நேராக எதையும் அனுப்புவதில்லை. ஐபோன் என்றால் ஆப்பிளிடம், ஆண்ட்ராய்டு என்றால் பெரும்பாலும் கூகுளிடம் கொடுக்கிறது. ஆப்பிள் இந்தச் சேவையை 2009-இல் திறந்தது; கூகுள் 2010-இல். உங்கள் போன் அவர்களோடு ஒரே ஓர் இணைப்பை இரவும் பகலும் திறந்து வைத்திருக்கும். அல் ஐன் சோலைக்குள் நடந்திருப்பீர்களே, சுமார் 1,47,000 பேரீச்சை மரம். ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனித்தனியாகவா நீர் கொண்டுவந்தார்கள்? பூமிக்கடியில் ஓடிவரும் பொது ஃபலஜ் வாய்க்கால். அதிலிருந்து தோட்டம் தோட்டமாகத் திருப்பிவிடுகிறார்கள். போனிலும் அதே ஏற்பாடுதான். ஆப்புக்கு ஆப் தனி இணைப்பு வைத்தால் பேட்டரி மதியத்துக்குள் படுத்துவிடும் என்பதால் எல்லாருக்கும் பொது வாய்க்கால்.

நமக்கு இது எவ்வளவு வசதி பாருங்கள். ஒரே இடத்தில் அடைத்தால் போதும், மொத்தத் தோப்பும் காயும்.

எப்படி அடைப்பது? ஆப்பிளின் இணைப்பு 5223 என்ற போர்ட்டையும், கூகுளுடையது 5228 முதல் 5230 வரையிலும் நாடும். உங்கள் கேம்ப்பில் எட்டு ரூமுக்கு ஒரு வைஃபை போட்டுக் கொடுத்திருக்கும் மகராசன் இவற்றை ஏற்கெனவே மூடி வைத்திருக்க வாய்ப்புண்டு. அவர் மூடாவிட்டாலும், பழைய ரூட்டர் சும்மா கிடக்கும் இணைப்பைச் சத்தமில்லாமல் துண்டித்துவிடும். போனுக்கு அது தெரியாது. திரையில் வைஃபை சின்னம் முழுசாகத் தெரியும். "நெட் நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே நீங்களும் இருக்கலாம்.

வைஃபை சரியாக இருக்கிறதா? புரைமி எல்லைப் பக்கம் போங்கள். ஹீலி ஓரத்தில் நின்றால் போன் ஓமான் டவரைப் பிடித்துக்கொள்வதுண்டு. ரோமிங் டேட்டாவை எப்போதும் அணைத்தே வைத்திருக்கும் சிக்கனவான் நீங்கள். எனவே வாய்க்கால் அங்கேயே வறண்டது.

படி 3: பேட்டரியைக் காப்பாற்றுங்கள், மற்றதெல்லாம் போகட்டும்

டீ குடிக்கும்போது, லிஃப்ட்டில் ஏறும்போது, சிக்னலில் நிற்கும்போது, திறந்திருக்கும் ஆப் அத்தனையையும் ஒவ்வொன்றாக மேலே தள்ளி மூடுங்கள். விரலுக்கும் பயிற்சி, மனசுக்கும் நிம்மதி.

சில ஆண்ட்ராய்டு போன்களில் இப்படித் தள்ளுவதையே அந்த ஆப்பை வலுக்கட்டாயமாக நிறுத்தியதாகப் போன் எடுத்துக்கொள்ளும். அப்படி நிறுத்தப்பட்ட ஆப்புக்கு, நீங்கள் மறுபடி கையால் திறக்கும் வரை கூகுள் அனுப்பும் எதுவும் போய்ச் சேராது. ஐபோன்காரர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்: மேலே தள்ளினாலும் கண்ணுக்குத் தெரியும் நோட்டிஃபிகேஷன் வந்துவிடும், பின்னணியில் ஓசையின்றி வரும் தகவல்தான் நிற்கும். பரவாயில்லை, உள்ளதை வைத்துச் சமாளியுங்கள்.

அடுத்து, பேட்டரி சேவரை நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-இலிருந்தே, அசையாமல் கிடக்கும் போன் ஆழ்ந்து உறங்கப் பழகியிருக்கிறது. அனுப்புகிறவர் "அவசரம்" என்று குறித்து அனுப்பினால்தான் அதை எழுப்ப முடியும். சாதாரணச் செய்திகள் அது தானாகப் புரண்டு படுக்கும்வரை காத்திருக்கும். போதாதென்று சில பிராண்டுகள் "ஆட்டோஸ்டார்ட்" என்று ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. அதில் வங்கி ஆப்பை அணைத்துவிட்டு, "போன் கிளீனர்" ஒன்றை இறக்கி அதற்கு எல்லா உரிமையும் கொடுங்கள். அது சுத்தம் செய்யும். விளம்பரம் போடவும் தவறாது.

சனாயா தொழிற்பேட்டையில் சல்லிசாகக் கிடைத்தது என்று, 2019-க்குப் பிறகு கூகுள் சேவை இல்லாமல் வந்த ஹுவாவே போனை வாங்கியிருந்தால், கை கொடுங்கள். ஹுவாவே தனக்கென்று தனிச் சேவை வைத்திருக்கிறது; ஆனால் கூகுளை மட்டும் நம்பி எழுதப்பட்ட ஆப்புக்கு அந்த வழி தெரியாது.

படி 4: போனை மாற்றுங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்

ஆப்பை நிறுவித் திறக்கும்போது ஆப்பிளோ கூகுளோ உங்கள் போனிலுள்ள அந்த ஆப்புக்கென்று நீளமாக ஒரு குறியீடு தருவார்கள். டோக்கன் என்பார்கள். வங்கி அனுப்புவது அந்த டோக்கனுக்குத்தான். உங்கள் பெயருக்கோ நம்பருக்கோ அல்ல. ஆப்பை அழித்து மறுபடி போட்டால் டோக்கன் மாறும். போனை மாற்றினாலும் மாறும். புதிய டோக்கன் வங்கிக்குத் தெரிய, புதிய போனில் ஆப்பை ஒருமுறை திறந்து உள்ளே நுழைய வேண்டும்.

ஆகவே, புதிய போனுக்கு எல்லா ஆப்பையும் மாற்றிக்கொள்ளுங்கள், எதையும் திறக்காதீர்கள். "சிம் மாத்திட்டேன்ல, எல்லாம் வந்துடும்" என்று உறுதியாக நம்புங்கள். பழைய போனை, கணக்கிலிருந்து வெளியேறாமல், அப்படியே ஊரிலிருந்து புதிதாக வந்திருக்கும் மச்சினனுக்குக் கொடுங்கள். இனி உங்கள் வங்கி கேட்கும் "இந்த 1,400 திர்ஹம் செலவு உங்களுடையதா?" என்ற கேள்வி மச்சினன் கையில் ஒளிரும். அவரும் பண்பாகத் தள்ளிவிடுவார்.

படி 5: ஒருவர் செய்த குற்றத்துக்கு எல்லாரையும் உள்ளே தள்ளுங்கள்

"உங்களுக்கே உங்களுக்காக 50,000 திர்ஹம் லோன்!" என்று அதே வங்கி ஆப் தினமும் இம்சிக்கிறதா? கோபம் நியாயமானது. 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8-இலிருந்து, ஓர் ஆப்பின் நோட்டிஃபிகேஷன்களை வகை வகையாகப் பிரிக்க வழி செய்திருக்கிறார்கள். சலுகை தனி, சம்மதம் கேட்பது தனி. நோட்டிஃபிகேஷனை அழுத்திப் பிடித்தால் வகை தெரியும். சலுகையை மட்டும் அணைக்கலாம்.

அழுத்திப் பிடிக்காதீர்கள். இரண்டு நொடி வீண். மொத்த ஆப்பையும் அணையுங்கள். சில நிறுவனங்கள் லோன் விளம்பரத்தையும் திருட்டு எச்சரிக்கையையும் ஒரே வகையில் போட்டு அனுப்பி, இந்த வேலையை உங்களுக்கு இன்னும் சுலபமாக்குகின்றன. அவர்களுக்கு நன்றி சொல்லுங்கள்.

ஏதாவது ஒன்று தப்பித்து வந்துவிட்டால் முழுச் செய்தியும் பூட்டிய திரையிலேயே தெரியும்படி வையுங்கள். நீங்கள் குளியலறையில் இருக்கும்போது சம்பளம் ஏறியதை முதலில் ரூம்மேட்கள் அறிவார்கள். நீங்கள் தலை துவட்டி வருவதற்குள் கைமாற்றுக் கேட்கும் வரிசை தயாராக இருக்கும்.

படி 6: இரண்டு மாதம் அணைத்து வையுங்கள், எல்லாம் காத்திருக்கும்

லீவுக்கு ஊருக்குப் போகிறீர்கள். இங்குள்ள போனை அணைத்துப் பெட்டியில் போடுங்கள். "திரும்பி வந்து ஆன் பண்ணினா வரிசையா வரும்" என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வரும், ஆனால் அவர்கள் கணக்குப்படி. கூகுள் ஒரு செய்தியை அதிகபட்சம் நான்கு வாரம்தான் வைத்திருக்கும். நூறு செய்தி தேங்கிவிட்டால் பழசை மட்டும் தள்ளிவிட்டுப் புதுசை வைப்பதில்லை. தேங்கிய அத்தனையையும் கொட்டிவிட்டு, "நிறைய இருந்தது, இப்போது இல்லை" என்று ஆப்புக்குத் தகவல் தரும். ஆப்பிள் இன்னும் கறார்: போன் தொடர்பில் இல்லாதபோது ஓர் ஆப்புக்கு ஒன்றே ஒன்றைத்தான் கையில் வைத்திருக்கும், கடைசியாக வந்ததை. முன்னால் வந்தது "விசா புதுப்பிப்புக்கு ஒரு ஆவணம் குறைகிறது" என்றும், கடைசியாக வந்தது "எங்கள் சேவைக்கு ஐந்து நட்சத்திரம் தாருங்கள்" என்றும் இருந்தால், நட்சத்திரம்தான் உங்களுக்கு.

கார்டு சம்மதம் போன்றவற்றில் இந்த வம்பும் இல்லை. "இப்போது கிடைக்காவிட்டால் தூக்கிப் போடு" என்று குறித்தே அனுப்பலாம். கடைக்காரர் முகத்தைப் பார்த்தபடி சிக்னலுக்காகப் போனைத் தூக்கிப் பிடித்து நிற்பீர்களே, அதற்குள் அது காலாவதி ஆகியிருக்கும்.

படி 7: அம்மாவின் அழைப்பை எடுங்கள், விடாமல் எடுங்கள்

தஞ்சாவூரிலிருந்து அம்மா வாட்ஸப்பில் கூப்பிடுகிறார். போன் அழகாக அடிக்கிறது. முகம்கூடத் தெரிகிறது. எடுக்கிறீர்கள். "இணைக்கிறது…" என்று வருகிறது. அப்படியே நிற்கிறது.

வாட்ஸப் பேச்சுக்கு அமீரகத்தில் அனுமதியில்லை. உரிமம் பெற்ற போட்டிம் போன்ற ஆப்களில்தான் பேச முடியும். அப்படியானால் மணி மட்டும் எப்படி அடித்தது? "யாரோ அழைக்கிறார்" என்ற துண்டுச் செய்தி ஆப்பிள், கூகுள் வாய்க்கால் வழியே வந்துவிடுகிறது. குரல் வரவேண்டிய பாதை வேறு, அது அடைபட்டிருக்கிறது. மணி அடிப்பது ஒரு வேலை, விஷயம் வந்து சேர்வது இன்னொரு வேலை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் பாடம் நடத்த முடியாது.

பாடத்தைக் கற்காதீர்கள். அம்மா மறுபடி கூப்பிடுவார், நீங்கள் மறுபடி எடுங்கள். "ஹலோ, கேக்குதாம்மா?" என்று சத்தமாகக் கேளுங்கள். அம்மாவின் போனில் போட்டிம் போட்டுக் கொடுப்பதை அடுத்த லீவுக்கு ஒத்திப்போடுங்கள். சென்ற லீவிலும் அப்படித்தான் செய்தீர்கள்.

படி 8: வருவதையெல்லாம் ஆமோதியுங்கள்

இதுவரை வராமல் செய்யக் கற்றோம். இனி, வந்துவிட்டால் என்ன செய்வது?

"உள்நுழைய அனுமதிக்கவா?" என்று போன் கேட்டால், யார் நுழைகிறார்கள் என்று பார்க்காமல் "ஆம்" சொல்லுங்கள். மறுபடி வந்தால் மறுபடியும். நடுராத்திரி திரும்பத் திரும்ப வந்தால், தூக்கம் முக்கியம்; "ஆம்" அழுத்திவிட்டுப் படுங்கள். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்தின் ஒப்பந்த ஊழியர் ஒருவருக்கு இப்படித்தான் கோரிக்கை மேல் கோரிக்கை வந்தது. கடைசியில் ஒன்றை ஆமோதித்தார். ஊடுருவியவர் நிறுவனத்தின் உள் அமைப்புகளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். உலகப் பெரிய நிறுவனத்திலேயே நடந்தது, உங்களால் முடியாதா?

இந்தக் குறுக்குவழியை அடைக்கத்தான், திரையில் ஓர் எண்ணைக் காட்டி அதே எண்ணைப் போனிலும் தொடச் சொல்லும் முறையைப் பலர் கொண்டுவந்திருக்கிறார்கள். இதற்கும் மாற்று இருக்கிறது: "சார், நான் பேங்க்லேர்ந்து பேசறேன், உங்க போன்ல ஒரு நம்பர் வரும்" என்று இந்தியிலோ மலையாளத்திலோ அன்பாகப் பேசுகிறவர் சொல்லும் எண்ணைத் தொடுங்கள். பாவம், அவரும் டூட்டியில்தானே இருக்கிறார்.

படி 9: நீங்களும் அனுப்புங்கள்

சங்கச் செயலாளரா? கார்கோ கடை ஆப் வைத்திருக்கிறீர்களா? சென்னையில் உட்கார்ந்து வளைகுடா வாடிக்கையாளருக்கு ஆப் எழுதுகிறீர்களா? இந்தப் படி உங்களுக்கு.

இந்திய நேரம் காலை ஆறுக்கு "இனிய காலை வணக்கம்" அனுப்புங்கள். அல் ஐனில் அப்போது நாலரை. இரவு ஷிஃப்ட் முடித்து இப்போதுதான் கண்ணயர்ந்தவர் உங்களை ஆயுளுக்கும் மறக்கமாட்டார். எல்லாவற்றையும் "அவசரம்" என்று குறியுங்கள், தள்ளுபடியையும் சேர்த்து. ஒரு செய்திக்கு 4 கிலோபைட்தான் இடம். அதற்குள் வாடிக்கையாளரின் பெயர், கணக்கு இருப்பு எல்லாவற்றையும் திணித்துவிடுங்கள். "ஆப்பைத் திறந்து பாருங்கள்" என்று மட்டும் அனுப்புவது கோழைகளின் வழி. நோட்டிஃபிகேஷன் விவரங்களைக் கேட்டு அரசாங்கங்கள் ஆப்பிளையும் கூகுளையும் அணுகுவதாக அமெரிக்க செனட்டர் ரான் வைடன் 2023 டிசம்பரில் எழுதியது உங்களுக்கு எதற்கு?

அனுப்பியதும் கூகுளிடமிருந்து "பெற்றுக்கொண்டோம்" என்று உடனே பதில் வரும். அதைப் "போய்ச் சேர்ந்தது" என்று அறிக்கையில் எழுதுங்கள். போன் அணைந்திருக்கலாம், ஆப் நிறுத்தப்பட்டிருக்கலாம், ஆள் முழித்திருக்காமலே இருக்கலாம். அந்தப் பதில் அப்போதும் அதேதான். முதலாளிக்குப் படத்தோடு காட்டுங்கள். பச்சைக் கோடு மேலே ஏறும்.

படி 10: அலறினால் அணையுங்கள், குவிந்தால் கூட்டித் தள்ளுங்கள்

2024 ஏப்ரல் 16 நினைவிருக்கிறதா? அல் ஐனின் கத்ம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்துக்குள் 254 மில்லிமீட்டர் மழை. அமீரகம் மழையை அளந்து பதியத் தொடங்கிய 1949 முதல் அதுவரை காணாத மழை. அந்த நாட்களில் போன்கள் சைரன் போல அலறின. அது நாம் இதுவரை பார்த்த வகை அல்ல. டோக்கன் வேண்டாம், ஆப் வேண்டாம், இணையம் வேண்டாம்; டவரே தன் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பும். நம் படிகளில் பெரும்பாலானவை இதனிடம் பலிக்காது.

ஆனால் சோர்ந்துவிடாதீர்கள். அலறியவுடன் படிக்காமல் அணையுங்கள். பிறகு அமைப்புகளுக்குள் போய், இதை நிரந்தரமாக அணைக்க வழி இருக்கிறதா என்று தேடுங்கள். வங்கி ஆப்பைத் திறந்துவிட அதே அமைப்புகளுக்குள் போக உங்களுக்கு நேரம் கிடைத்ததில்லை, இதற்குக் கிடைக்கும். செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டு, வாதி என்னும் காட்டாற்றில் வெள்ளம் ஓடுவதை வீடியோ எடுக்க வண்டியைக் கிளப்புங்கள்.

மற்ற நாட்களில், மாலை டூட்டி முடிந்ததும் திரையை இழுங்கள். பிரியாணிக்கு 30 சதவீதம் தள்ளுபடி, யாரோ ஸ்டேட்டஸ் போட்டார், தங்கம் விலை, கிரிக்கெட் ஸ்கோர், எமிரேட்ஸ் ஐ.டி. காலாவதி ஆகிறது, பிரியாணிக்கு இன்னும் இரண்டு மணி நேரமே. எல்லாம் ஒரே உயரம், ஒரே எழுத்து, ஒரே சத்தம். "அனைத்தையும் அழி" என்ற பொத்தானை ஒரே தொடு தொடுங்கள். ஐ.டி. காலாவதியான பிறகு 30 நாள் சலுகை உண்டு. அதற்குப் பின் நாளுக்கு 20 திர்ஹம் அபராதம், 1,000 திர்ஹம் வரை. தள்ளுபடி பிரியாணியில் மிச்சம் பிடித்ததை அங்கே கட்டலாம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை

நம்மிடையே சில கறுப்பு ஆடுகள் இருக்கின்றன. மணி அடிக்காமலேயே, தாங்களாக, வாரத்துக்கு ஒருமுறை வங்கி ஆப்பைத் திறந்து கணக்கைப் பார்த்துவிடுகிறார்கள். ஐ.டி. தேதியைக் காலண்டரில் எழுதி வைக்கிறார்கள். டிக்கெட் போடும்போது நோட்டிஃபிகேஷனுக்காகக் காத்திராமல் ஆப்பையே திறந்துவைத்து, அங்கே காத்திருக்கும் கோரிக்கையைப் பார்த்துச் சம்மதம் கொடுக்கிறார்கள். ஆப்பிளும் கூகுளும் "முயற்சி செய்கிறோம்" என்றுதான் சொன்னார்கள், "சேர்த்துவிடுவோம்" என்று எங்கும் சொல்லவில்லை என்பதை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டவர்கள். இவர்களோடு பத்து நிமிடம் பழகினாலும் உங்களுக்கும் தொற்றிக்கொள்ளும். ஒரே ரூமில் அப்படி ஒருவர் இருந்தால், படுக்கையை மாற்றிக்கொள்ளுங்கள்.